தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் சூடான பாத்திரம் எங்கே இருக்க வேண்டும்

இப்போதுதான் பிள்ளைமேல் வெந்நீரோ ரசமோ கொட்டிவிட்டது என்று இதைத் திறந்திருந்தால் படிப்பதை நிறுத்துங்கள். பட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மாவு, மை, மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். ஒருவர் தண்ணீர் காட்டும்போதே இன்னொருவர் 108-க்கு அழைக்கட்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நிதானமாகப் படிக்க நேரம் இருப்பவர்களுக்கு மீதிக் கட்டுரை. முதல் பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் தாய் தகப்பன், பேறுகாலத்துக்கு மகளை அழைத்து வந்திருக்கும் வீட்டார், காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஆயாவும் ஐயாவும் மட்டும் இருந்து, விசேஷத்துக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் பெரிய வீடுகள் என்று இவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறோம். கடைசியாகச் சொன்ன வீடுகளில் கவனம் கூடுதலாக வேண்டும். ஆண்டு முழுவதும் சின்னப் பிள்ளை இல்லாத வீட்டில் வெந்நீர்த் தவலையும் குத்துவிளக்கும் தூபக்காலும் பெரியவர்கள் வசதிக்கு எங்கே இருந்தனவோ அங்கேயேதான் இருக்கும். பிள்ளை வந்து இறங்கிய அன்று யாரும் அவற்றை இடம் மாற்றுவதில்லை.

"பிள்ளையைப் பார்த்துக்கோ" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதோடு நம் வீடுகளில் காவல் முடிந்துவிடுகிறது. நடை பழகும் பிள்ளையை எத்தனை கண் பார்த்தாலும் ஒரு எட்டு முந்திவிடும். அதனால் பாத்திரத்தை முதலில் கவனியுங்கள். சுடுகிற ஒவ்வொரு பொருளுக்கும் பிள்ளையின் கை எட்டாத ஓர் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து, வீட்டில் சமைக்கிற, பரிமாறுகிற, குளிப்பாட்டுகிற எல்லோருக்கும் அந்த இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

சுடுவது பெரும்பாலும் தண்ணீர்தான்

தீக்காயம் என்றதும் நெருப்புதான் நினைவுக்கு வரும். சிறு பிள்ளைகளுக்குப் படுவதில் பெரும்பகுதி நெருப்பே இல்லை. குளிக்க வைத்த வெந்நீர், டீ, காபி, பால், ரசம், சாம்பார், வடிகஞ்சி ஆகியவைதான். ஒன்று முதல் மூன்று வயது வரைக்கும் ஆபத்து உச்சம். அந்த வயதில் எட்டிப் பிடிக்கத் தெரியும், கையை இழுத்துக்கொள்ளத் தெரியாது. சுட்டதும் பெரியவர்கள் துள்ளி விலகுவார்கள். பிள்ளை நின்ற இடத்திலேயே நின்று அழும். அந்த நேரமெல்லாம் சூடு உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

பிள்ளையின் தோலும் மெல்லியது. 60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலை ஆழமாக வேகவைக்க ஏறக்குறைய 5 விநாடி எடுக்கும். சிறு பிள்ளைக்கு ஒன்றிரண்டு விநாடி போதும். இப்போது ஆற்றிய டீ 70, 80 டிகிரியில் இருக்கும். வைத்து மறந்துபோய்க் கால் மணி நேரம் ஆன டீ கூடக் கைக்குழந்தையைச் சுட்டுவிடும். ஒரு டம்ளர் டீயின் அளவு நமக்குச் சின்னதாகத் தெரியலாம். ஒரு வயதுப் பிள்ளையின் முகம், கழுத்து, நெஞ்சு மூன்றையும் நனைக்க அது போதும்.

கெட்டியானவை இன்னும் மோசம். தண்ணீர் பட்டால் வழிந்து ஓடிவிடும். கும்மாயம், கவுனி அரிசி, கஞ்சி, கூழ் போன்றவை தோலில் ஒட்டிக்கொண்டு சூட்டை அங்கேயே பிடித்துவைக்கும். அதிரசத்துக்குக் காய்ச்சிய பாகு 100 டிகிரியைத் தாண்டியிருக்கும், பிசினாகவும் ஒட்டும். பணியாரமும் கந்தரப்பமும் பொரிக்கிற எண்ணெய் 170, 180 டிகிரி.

சமையல்கட்டு

பழைய வீடுகளில் வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டைத் தாண்டி அடுத்த கட்டில் சமையல் இருக்கும். அந்த அமைப்பு பிள்ளைகளுக்கு நல்லதுதான், ஆனால் வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். தச்சரிடம் சொல்லி நிலையில் ஒரு தட்டிக்கதவு போட்டுக்கொள்ளுங்கள். உயரம் குறைந்தது 75 செ.மீ. இருக்கட்டும். சட்டங்கள் நெடுக்குவாக்கில் வேண்டும். குறுக்குச் சட்டம் போட்டால் பிள்ளைக்கு அது ஏணியாகிவிடும். சட்டத்துக்குச் சட்டம் 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள், தலை மாட்டும். தாழ்ப்பாள் பிள்ளையின் கை எட்டாதபடி சமையல்கட்டுப் பக்கம், மேலே இருக்கட்டும். நிலையைத் துளைக்க மனம் வராத வீடுகளில் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் தடுப்புகள் கடையில் கிடைக்கின்றன. பர்மாத் தேக்கு நிலைக்கு ஒரு கீறலும் வராது.

தரையில் உட்கார்ந்து சமைக்கிற வழக்கம் இருந்தால் பிள்ளை நடக்கிற காலம் வரைக்குமாவது அடுப்பை மேடைக்கு ஏற்றுங்கள். மேடையில் பின்பக்க அடுப்பில் கொதிக்கிறதை வையுங்கள், கைப்பிடி சுவரைப் பார்த்து இருக்கட்டும். மின்கெண்டியின் வயர் மேடை விளிம்பில் தொங்கக் கூடாது. எட்டுப் பத்து மாதப் பிள்ளை எழுந்து நிற்பதற்கு எதைப் பிடிக்கும் என்று பார்த்தீர்கள் என்றால் தொங்குகிற வயரையும் மேசைவிரிப்பின் ஓரத்தையும்தான் பிடிக்கும்.

சோறு வடிப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பானையைச் சாய்த்து வைத்துவிட்டுக் கஞ்சி வடிய நாம் வேறு வேலைக்குப் போய்விடுகிறோம். பானையும் கீழே இருக்கிறது, கஞ்சிச் சட்டியும் கீழே இருக்கிறது, இரண்டும் ஏறக்குறையக் கொதிநிலையில் இருக்கின்றன, பானை ஒரு தள்ளில் உருளும் நிலையில் இருக்கிறது. சமையல்கட்டில் இதைவிட ஆபத்தான ஐந்து நிமிடம் கிடையாது. மேடைமேல் தொட்டிக்குள் வடியுங்கள். முடியாவிட்டால் வடிந்து முடிகிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

இட்லிக் கொப்பரை மூடியைத் திறக்கும்போது ஆவி உங்கள் எதிர்ப்பக்கமாகப் போகும்படி சாய்த்துத் திறப்பது வழக்கம். அந்த எதிர்ப்பக்கத்தில் பிள்ளை நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறங்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பண்டை நிற்காதீர்கள், மடியில் வைத்துக்கொண்டு காபி குடிக்காதீர்கள். இந்த இரண்டையும் நிறுத்தினாலே பாதிக் கவலை தீரும்.

விறகடுப்பு உள்ள வீடுகளில் சாம்பலை நம்பாதீர்கள். மேலே வெள்ளையாகப் பூத்திருக்கும், அடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொல்லையில் குப்பை எரித்த இடமும் அப்படியே. மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளை நேராக அதில் கால் வைக்கும். எரித்து முடித்ததும் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றுங்கள்.

குளிப்பாட்டும் இடம்

காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. கொதிக்கிற வெந்நீரை அண்டாவோடு பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து, குளிப்பாட்டும்போதே விளாவிக்கொள்வதில்தான் தவறு. செம்பு மாறி எடுத்தாலும் போயிற்று, பிள்ளை கையை வீசினாலும் போயிற்று.

இப்படிச் செய்யுங்கள். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். பிள்ளையைக் கொண்டுவருவதற்கு முன்பே விளாவி முடித்துவிடுங்கள். நன்றாகக் கலக்குங்கள், கலக்காவிட்டால் மேலே சூடும் அடியில் குளிர்ச்சியுமாக நிற்கும். முழங்கையை விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது. அளந்து பார்க்க விரும்பினால் 37, 38 டிகிரி. அப்பத்தாவின் உள்ளங்கை அறுபது வருடம் சூட்டில் பழகிய கை, அதற்கு இதமாக இருப்பது பிள்ளைக்குச் சுடும். அவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்லி, முழங்கையால் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். விளாவிய தண்ணீரை மட்டும் குளிப்பாட்டும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். கொதிநீர் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பி பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. வாளி தரையில் இருக்கிறது, தண்ணீர் கொதிக்கிறது, மின்சாரமும் ஓடுகிறது. வேறு வழியே இல்லையென்றால் குளியலறையைப் பூட்டிவிட்டுச் சூடேற்றுங்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும். கெய்சரில் சூட்டைக் குறைக்கும் திருகு இருந்தால் 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் ஆழமாக வேக நிமிடக்கணக்கில் ஆகும், பிள்ளையை இழுத்துவிட அவகாசம் கிடைக்கும்.

குளித்ததும் சாம்பிராணி காட்டுகிற வழக்கத்தை விட்டுவிடச் சொல்வது பல வீடுகளில் மனத்தாங்கலாகும் என்று தெரியும். ஆனாலும் சொல்கிறோம். தூபக்காலில் இருப்பது கங்கு. நழுவுகிற ஈரப்பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கங்கின்மேல் தலையைக் காட்டுகிறோம். அந்தப் புகை பச்சைப்பிள்ளையின் மூச்சுக்கும் நல்லதில்லை. பழந்துணியால் ஒற்றித் துடைத்தாலே தலை காய்ந்துவிடும்.

சளி பிடித்த பிள்ளைக்குக் கிண்ணத்தில் கொதிநீர் வைத்துப் போர்வையை மூடி ஆவி பிடிக்க வைக்காதீர்கள். பிள்ளை திமிறினால் கிண்ணம் மடியில் கவிழும். தொடையும் பிறப்புறுப்பும் வெந்து மருத்துவமனைக்கு வருவது இப்படியும் நடக்கிறது.

விசேஷ நாட்கள்

கோட்டை அடுப்பு மூட்டி ஊருக்கே சமைக்கிற நாளில் வீட்டில் ஐம்பது பேர் இருப்பார்கள். பிள்ளையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் எல்லோரும் பார்ப்பதாகச் சொல்வார்கள். அப்படியானால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மணிக்கு ஒருவர் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள், வந்தவர்களை வரவேற்கக் கூட அனுப்பாதீர்கள். அடுப்பைச் சுற்றி மூன்றடி தள்ளி விசுப்பலகையோ கயிறோ கட்டுங்கள். கோலப்பொடியில் ஒரு கோடு போட்டாலும் உதவும். பிள்ளை கோட்டை மதிக்காது, ஆனால் எந்த இடத்தில் பிள்ளையைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று பெரியவர்களுக்குத் தெரியும்.

பந்தியில் கவனிக்க வேண்டியவை சாம்பார் வாளியும் ரச வாளியும். இலைக்கும் இலைக்கும் நடுவே தரையில் வாளியை இறக்கிவைக்காதீர்கள், உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளுக்குத் தனி வரிசை போட்டு முதலில் உட்காரவைத்து, ஆறியதைக் கிண்ணத்தில் எடுத்து வந்து பரிமாறி எழுப்பிவிடுவது நல்லது. பொரித்து முடித்த எண்ணெய்ச் சட்டியை "ஆறட்டும்" என்று முற்றத்தில் விடாதீர்கள். நாலைந்து மணி நேரம் ஆனாலும் பூட்டிய அறைக்குள் ஆறட்டும்.

நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கலுக்குப் போகிறவர்கள் நடை பழகும் பிள்ளையைப் பானை வரிசைக்கு நடுவே இறக்கிவிடாதீர்கள். வரிசை வரிசையாக அடுப்பு, எங்கும் புகை. பொங்கிவருகிற பானைமேல்தான் எல்லார் கண்ணும் இருக்கும்.

பிள்ளையார் நோன்பன்று நகரத்தார் வீடுகளில் இழை எடுத்துக்கொள்வது தெரிந்ததே. கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாளிலிருந்து எண்ணி 21ஆம் நாள், 21 நூலிழைகளைத் திரித்த திரியை இழைமாவில் வைத்து நெய்யில் ஏற்றி, சுடரோடு வாயில் வாங்கிக்கொள்கிறோம். சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது சுடரை அமர்த்தி, மாவு ஆறியதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நெய் சொட்டினால் உதடு வெந்துபோகும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் முடியைப் பின்னால் கட்டி, நைலான் பாவாடை, சரிகைத் தாவணி இல்லாமல் பருத்தித் துணி உடுத்தி, பெரியவர் தம் கையாலேயே கொடுக்கட்டும்.

கார்த்திகை அகலைத் தரைக்கோலத்தில் வைக்காமல் திண்ணைமேல் வையுங்கள். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்த பிறகும் கம்பி பழுத்தே இருக்கும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து எரிந்த கம்பியை உடனே அதில் போடப் பழக்குங்கள்.

சட்டென்று நினைவுக்கு வராத சில

மோட்டார் சைக்கிளின் சைலன்சர் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். பிள்ளையை எப்போதும் இடப்பக்கமாக ஏற்றி இடப்பக்கமாக இறக்குங்கள். வண்டியை நிறுத்தும்போது சைலன்சர் சுவரைப் பார்த்து இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் திறந்த முற்றத்துக் கல்லும் சிமெண்ட் தரையும் தவழும் பிள்ளையின் உள்ளங்கையைக் கொப்புளமாக்கிவிடும். வளவுக்குள் ஆத்தங்குடிக் கல் குளிர்ச்சியாக இருப்பதைப் பார்த்து முற்றமும் அப்படித்தான் என்று எண்ணாதீர்கள்.

சுண்ணாம்பைப் பற்றி இந்தப் பகுதியில் கட்டாயம் பேச வேண்டும். பழைய வீட்டைப் பழுதுபார்க்க முற்றத்திலேயே சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் கொதிக்கும், தோலையும் அரிக்கும். தொட்டியைப் பலகையால் மூடி, பிள்ளைகள் வராதபடி அடையுங்கள். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்பு டியூபும் அதே அளவு ஆபத்து. பிள்ளை அதைப் பிதுக்கினால் நேராகக் கண்ணுக்குள் தெறிக்கும், பார்வையே போகலாம். தெறித்துவிட்டால் அந்த நொடியே இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு ஓடும் தண்ணீரால் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் துணுக்குகள் தண்ணீரோடு வெளியே வர வேண்டும். கழுவாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடுவதுதான் கண்ணைக் கெடுக்கும். தோலில் காய்ந்த சுண்ணாம்புத் தூள் பட்டால் மட்டும் முதலில் துணியால் தட்டி உதறிவிட்டு அப்புறம் நிறையத் தண்ணீர் விடுங்கள்.

கொட்டிவிட்டால்

முதல் வேலை பிள்ளையைச் சூட்டை விட்டு விலக்குவது. உடுப்பில் தீப்பிடித்திருந்தால் ஓடவிடாமல் தரையில் படுக்கவைத்து, கம்பளியோ கனத்த பருத்திப் போர்வையோ சுற்றி அணையுங்கள். மின்சாரம் தாக்கியிருந்தால் மெயினை அணைக்காமல் பிள்ளையைத் தொடக் கூடாது.

அடுத்து, நனைந்த உடுப்பைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஊறிய துணி சூட்டைத் தோலோடு அணைத்து வைத்திருக்கும். தலைவழியாக இழுத்தால் முகத்திலும் படும், அதனால் கத்தரியால் வெட்டி எடுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றிலும் வெட்டிவிட்டு அப்படியே விடுங்கள். நாப்கினை மறந்துவிடுகிறார்கள், அது வெந்நீரை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும். காப்பு, தண்டை, கொலுசு, மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் வீக்கம் வருவதற்குள் கழற்றுங்கள். அரைமணி நேரம் கழித்து வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

உடுப்பைக் கழற்றும்போதே தண்ணீர் தொடங்கிவிட வேண்டும். 20 நிமிடம் என்பதைக் கடிகாரம் பார்த்துச் செய்யுங்கள். அழுகிற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மூன்று நிமிடமே முப்பது நிமிடமாகத் தோன்றும், எல்லோரும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். தோலின் மேற்பரப்பு ஆறிய பிறகும் உள்ளே சூடு இறங்கிக்கொண்டே இருக்கும், அதை வெளியே எடுக்கத்தான் இவ்வளவு நேரம். வலியும் குறையும், காயம் ஆழமாவதும் குறையும். உடனே செய்ய முடியாமல் போனாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு.

இங்கே ஒரு சங்கதி. கோடை நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரே சுடும். முதலில் உங்கள் கையில் விட்டுப் பாருங்கள். சுட்டால் கிணற்றுத் தண்ணீர், தரைத்தொட்டித் தண்ணீர், மண்பானைத் தண்ணீர் எடுங்கள். குழாய் இல்லாவிட்டால் செம்பால் மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். நிமிடத்துக்கு இரண்டு மூன்று லிட்டர் என்றால் 40 முதல் 60 லிட்டர், அதாவது மூன்று நான்கு வாளி. அவ்வளவு தண்ணீரும் இல்லையென்றால் சுத்தமான துணியை நனைத்துப் போட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பனிக்கட்டி வேண்டாம், அது இரத்த ஓட்டத்தை ஒடுக்கி வெந்த தோலை மேலும் கெடுக்கும்.

பட்ட இடம் மட்டும் நனையட்டும். மற்ற உடம்பைத் துண்டால் போர்த்தி வெதுவெதுப்பாக வையுங்கள். பிள்ளையை முழுசாகத் தொட்டியில் முக்கினால் உடல் சூடு இறங்கி நடுங்க ஆரம்பிக்கும், கைக்குழந்தைக்கு அதுவே ஆபத்து. நடுக்கம் வந்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ தண்ணீரை நிறுத்திப் போர்த்துங்கள்.

பிறகு மூடுங்கள். உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வீட்டில் இருந்தால் மேல் சுற்று ஒன்றிரண்டைக் கிழித்து எறிந்துவிட்டு அடுத்ததைக் காயத்தின்மேல் பரப்பிப் போடுங்கள். கை காலைச் சுற்றி இறுக்கக் கூடாது, வீங்கும்போது நெரிக்கும். முகத்தில் போடக் கூடாது. தாள் இல்லையென்றால் துவைத்து மடித்த வெள்ளை வேட்டித் துணி போதும். பஞ்சு வேண்டாம், ஒட்டிக்கொள்ளும்.

தடவக் கூடாதவை

இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள், காபித்தூள், முட்டை வெள்ளைக்கரு, தேன், நெய், தேங்காயெண்ணெய், சொட்டு நீலம், வாழைத்தண்டுச் சாறு. பிள்ளை துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பெரியவர்கள் கையில் கிடைத்ததைத் தடவுகிறார்கள். மாவு சில்லென்று இருப்பதால் ஒரு நிமிடம் அழுகை நிற்கும், அதனால் அது வேலை செய்வதாகத் தோன்றும். ஆனால் புளித்த மாவில் இருக்கும் கிருமிகள் தோல் உரிந்த இடத்தில் இறங்கும். எண்ணெயும் நெய்யும் சூட்டை உள்ளேயே பூட்டிவைக்கும். மையும் மஞ்சளும் காயத்தின் நிறத்தை மறைத்துவிடும், எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்விட, காய்ந்து ஒட்டிய மாவை மருத்துவமனையில் தேய்த்துக் கழுவித்தான் எடுக்க வேண்டும், அந்த வலியையும் பிள்ளைதான் தாங்க வேண்டும். ஆயா மாவுச் சட்டியோடு வந்தால் அவர் கையில் செம்பைக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற அவர் தவிப்புக்கும் அது வழி.

எப்போது மருத்துவமனை

பிள்ளையின் உள்ளங்கை, விரல்களையும் சேர்த்து, அதன் உடம்புப் பரப்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அளவுகோல் பிள்ளையின் கைதான், உங்கள் கை அல்ல. ஓர் உள்ளங்கைக்கு மேல் பரவியிருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து உள்ளங்கை அளவை எட்டினால் உடம்பிலிருந்து நீர் வேகமாக வெளியேறும், நரம்பு வழியாகத் திரவம் ஏற்றாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அளவு சின்னதாக இருந்தாலும் போக வேண்டியவை உண்டு. முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு, கையையோ காலையோ வளையமாகச் சுற்றிய காயம், மின்சாரம், ஆசிட், சுண்ணாம்பு, புகை உள்ளே போனது, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளை. வெளுத்தோ பழுப்பாகவோ பதனிட்ட மாட்டுத்தோல் போல விறைத்தோ இருக்கும் இடத்தைத் தொட்டால் பிள்ளை அழாது. வலி இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள், அதுதான் மிக ஆழமான காயம். நரம்பும் வெந்துபோனதால் வலி தெரியவில்லை.

காரைக்குடி அரசு மருத்துவமனையில் முதலுதவி கிடைக்கும். பெரிய காயங்களுக்குச் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். தூரம் அதிகம் என்று 20 நிமிடத் தண்ணீரைச் சுருக்காதீர்கள், 108 வந்து சேரும்வரை தண்ணீர் ஓடட்டும். பிள்ளை மூச்சுவிடத் திணறினாலோ மயங்கினாலோ மட்டும் தண்ணீருக்காகக் காத்திருக்க வேண்டாம். பெரிய காயமாக இருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை திட உணவு கொடுக்காதீர்கள், மயக்கமருந்து தேவைப்படலாம். தடுப்பூசி அட்டை, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எது கொட்டியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் காட்டினீர்கள், என்ன தடவினீர்கள் என்று கேட்பார்கள். எழுதியும் வைப்பார்கள், காவல் துறைக்குத் தகவல் போகலாம். அது நடைமுறைதான், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த நேரத்தில் தாயைக் குறைசொல்லும் உறவுக்காரர்கள் யாராக இருந்தாலும் வெளியே உட்காரவையுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம். கிலோவுக்கு 15 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி. மருந்து புட்டிகளில் 5 மில்லிக்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. புட்டியைப் பார்க்காமல் "ஒரு மூடி" என்று ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் எந்தப் பிள்ளைக்கும் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். கட்டை நனையாமல் வைத்து, சொன்ன நாளில் மாற்றப் போங்கள். அடுத்த சில நாட்களில் 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது இவற்றில் எது வந்தாலும் அன்றே திரும்பப் போங்கள், காயம் சின்னதாக இருந்தாலும் சரி. கிருமியின் நஞ்சு இரத்தத்தில் கலந்திருக்கலாம், சில மணி நேரத் தாமதம் கூடத் தாங்காது.

பத்தியம் வேண்டாம். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் கொடுங்கள். புதுத் தோல் வளர அவைதான் வேண்டும். புண் உள்ள பிள்ளைக்கு முட்டை ஆகாது என்று நிறுத்துகிற வீடுகளில் புண் ஆற நாளாகிறது.

இரண்டு வாரத்துக்குள் ஆறிவிட்டால் பெரும்பாலும் தழும்பு நிற்காது. மூன்று வாரத்தைத் தாண்டியும் ஆறாதது தடித்த தழும்பாகும், தோல் ஒட்டு வைக்க வேண்டியும் வரலாம். அதனால் இரண்டாவது வாரக் கடைசியில் ஆறாமல் இருந்தால் மறுபடி காட்டுங்கள். முழுசாக மூடிய பிறகுதான் தேங்காயெண்ணெய்க்கு வேலை. ஒரு நாளில் இரண்டு மூன்று முறை மெதுவாக அழுத்தித் தடவிவிட்டால் அரிப்பும் இறுக்கமும் குறையும். ஒரு வருடம் வரை அந்த இடத்தில் வெயில் படாமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கறுத்துப்போகும்.

உள்ளங்கையோ முழங்கையோ கழுத்தோ வெந்திருந்தால் தழும்பு மாதக்கணக்கில் சுருங்கிக்கொண்டே இருக்கும். பிள்ளை வலிக்குப் பயந்து விரலை மடக்கியே வைத்துக்கொள்ளும், அப்படியே ஒட்டிப்போகும். இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் நான்கைந்து தடவை விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இரவில் போடச் சொன்ன சிம்பை (விரல் மடங்காமல் பிடித்து வைக்கும் பட்டை) அழுகைக்காகக் கழற்றிவிடாதீர்கள். பிள்ளை வளர வளரத் தழும்பு கூடவே வளராது. அதனால் விரல் நேராக நீள்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வளர்ச்சி முடிகிற வயது வரைக்கும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.